ஜின்சனுக்குப் பழசாக்கிய அங்கி

புதுத் துணியைப் பழசாக்கித் தரச் சொல்லி யார் வந்தாலும் கத்தரீனாள் முதலில் கேட்பது, "இத யாரு போடப்போறா?" என்பதைத்தான். எப்போது வேண்டும், எத்தனை வேண்டும் என்பதெல்லாம் அப்புறம். போடப்போகிறவன் எந்தக் கையால் வியர்வை துடைப்பான், எந்தத் தோளில் சுமப்பான், உட்காரும்போது எதை ஊன்றி உட்காருவான் என்று ஒரு விசாரணையே நடக்கும். போலீஸ் ஸ்டேஷனில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். நாடகக் கமிட்டிக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள். அவள் மசிய மாட்டாள். துணி தானாகப் பழசாவதில்லை, ஒரு ஆளோடு சேர்ந்துதான் பழசாகிறது என்பது அவள் கட்சி.

மூணாறிலிருந்து ஜீப்பில் ஒன்றரை மணி நேரம் ஏறினால் வருகிற எஸ்டேட் அது. காலையில் கொழுந்தெடுக்கப் போவாள். சாயங்காலம் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் தையல் மெஷினைப் போட்டு உட்காருவாள். ரவிக்கைக்கு ஊக்கு வைப்பது, ஸ்கூல் யூனிபார்ம் தைப்பது எல்லாம் வருஷம் முழுக்க உண்டு. தவக்காலம் பிறந்துவிட்டால் அதெல்லாம் ஓரம் போய்விடும். அப்போதிருந்து அவள் பாஸ்கா நாடகத்துக்காரி. பெரிய வெள்ளியன்று கோயிலிலிருந்து புறப்பட்டு, தேயிலைக்கு நடுவே பதினாலு நிலைகளில் நின்று நின்று, மலை உச்சிக் குருசடி வரைக்கும் ஆண்டவர் சிலுவை சுமந்து போகிற நாடகம். போர்ச்சேவகர் கவசம், ஈட்டி, முள்முடி எல்லாம் அவள் கைவேலை. அவையெல்லாம் கோயில் பரணில் வருஷக்கணக்கில் கிடக்கும். ஆண்டவருடைய அங்கி மட்டும் ஒவ்வொரு வருஷமும் புதிது. ஈஸ்டர் முடிந்த மறுநாள் அதைத் துண்டு துண்டாக வெட்டி வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவது அந்தக் கோயிலின் வழக்கம். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் அந்தத் துண்டை நெற்றியில் போடுவார்கள். ஆகையால் அடுத்த தவக்காலத்தில் மறுபடியும் காடாத் துணி எடுத்துத் தைத்து, அதைப் பல வருஷம் உழைத்த துணியாக மாற்றியாக வேண்டும்.

அவள் புருஷன் ஜின்சன் ஒன்பது வருஷம் ஆண்டவர் வேஷம் கட்டினவன். மற்ற நாளில் பாக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கிற வேலை. சும்மா சொல்லக்கூடாது, சிலுவையைத் தூக்கிக்கொண்டு அவன் நடந்தால் வம்பளக்கிற பெண்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். வசனம் ஒன்றும் பெரிதாக வராது. பிலாத்து முன்னால் நிற்கிற காட்சியில் பாதி மறந்துவிடும். ஆனால் விழுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மூன்று தரமும் இடது முட்டிதான் முதலில் தரையைத் தொடும். அப்புறம் இடது உள்ளங்கை, அப்புறம் நெற்றி. வலது தோளில் சிலுவை அப்படியே நிற்கும். அந்த வரிசை மாறாது. கத்தரீனாளுக்கு அது ஜெபம் மாதிரி மனப்பாடம்.

அவனுக்கு அங்கியைப் பழசாக்குவதும் அவளுக்குச் சுலபமாக இருந்தது. எங்கே தேய வேண்டும் என்று யோசிக்கவே வேண்டாம், கை தானாகப் போகும். சுலபமாக இருந்ததுதான் கெடுத்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு தவக்காலத்தில் வேலை குவிந்துபோய் அங்கியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டாள். பெரிய வியாழன் சாயங்காலம், வெளியே மழை. அறை ஜன்னலையும் கதவையும் அடைத்துக்கொண்டு, கவசத்துக்கு வாங்கி மிச்சமிருந்த எனாமல் பெயிண்டைத் தின்னரில் கரைத்து, சேறும் ரத்தமுமாக முதுகு முழுக்க அடித்துத் தள்ளினாள். தலை கிறுகிறுத்தது. பசி என்று நினைத்துக்கொண்டாள். காலையில் தொட்டுப் பார்த்தபோது லேசாகப் பிசுபிசுத்தது. போகிற வழியில் வெயிலில் காய்ந்துவிடும் என்று அப்படியே போட்டு அனுப்பிவிட்டாள்.

அன்றைக்கு நல்ல வெயில். ஏழாம் நிலையில் இரண்டாம் தரம் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தான். கண் இரண்டும் சிவந்து தண்ணீர் ஒழுகியது. கூட்டம் முழுக்க மாரடித்து அழுதது. இப்படி ஒரு நடிப்பை இந்த மலையில் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் பேச்சு. நடிப்பு இல்லை என்று தெரிந்தவள் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். எப்படியோ எழுந்து மிச்ச நிலைகளையும் ஏறி முடித்தான். உச்சியில் அங்கியைக் கழற்றியபோது முதுகு முழுக்கக் கொப்புளம். "வெயில்தான், ஒண்ணுமில்ல" என்றான் ஜின்சன். அதற்குமேல் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

அந்த ஜூன் மாதமே அவன் கல்ஃபுக்குப் போய்விட்டான். கட்டடக் கம்பெனியில் வேலை, இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் லீவு என்றுதான் பேச்சு. ஜீப்பில் ஏறும் அன்று சட்டை மாற்றும்போது பார்த்தாள், முதுகில் தழும்பு இன்னும் கறுப்பாகவே கிடந்தது. என் கையால் செய்ததைச் சுமந்துகொண்டு போகிறார் என்று நினைத்தாள். அந்த நினைப்பு பிறகு அவளை விட்டுப் போகவே இல்லை.

அடுத்த வருஷம் ஆண்டவர் வேஷம் பினுவுக்குப் போனது. பினு ஜீப் ஓட்டுகிறவன், இருபத்தெட்டு வயசு, தாடி நன்றாக வளரும். அங்கியைத் தொட மாட்டேன் என்று கத்தரீனாள் ஒரே பிடியாக நின்றுவிட்டாள். கமிட்டித் தலைவர் சூசையப்பன் கெஞ்சிப் பார்த்துவிட்டுக் கடையில் ஒரு வெள்ளை அங்கி வாங்கி வந்தார். வெள்ளை உடுத்திக் கோயிலில் புதுநன்மை வாங்கப்போகிற பையன் மாதிரி பளபளவென்று பினு சிலுவை சுமந்து போனான். முதல் நிலையிலேயே பிள்ளைகள் சிரித்துவிட்டன. பிறகு கொரோனா வந்து இரண்டு வருஷம் நாடகமே இல்லாமல் போனது.

அங்கே ஜின்சன் கதையும் அதே சமயத்தில் கெட்டது. கம்பெனி மூடிவிட்டது, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்தவன் எங்கே போனான் என்றே தெரியவில்லை, விசா முடிந்தது. காகிதம் இல்லாத ஆளாக அங்கங்கே மறைவாக வேலை செய்தான். ஊருக்கு வர வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் வீடியோ கால் வரும். ஒரு முகம், அதற்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சுவர். சட்டைக் காலரின் முதல் பித்தான் வரைக்கும் தெரியும். ஏழு வருஷமாகப் புருஷன் என்றால் அவளுக்கு அவ்வளவுதான். அவனும் தன் பாட்டைப் பேச மாட்டான். அவள்தான் பேசுவாள், முக்கால்வாசி நாடகத்தைப் பற்றியே பேசுவாள். நீங்கள் வந்து ஒரு தரம் ஏற வேண்டும், ஒரு உபத்திரவமும் இல்லாத அங்கி ஒன்று நான் உங்களுக்குப் போட்டுவிட வேண்டும், அதற்கப்புறம் எனக்கு வேறு ஆசை இல்லை என்பாள். அவன் சிரிப்பான்.

உபத்திரவமில்லாத அங்கி எப்படி என்று அவள் தெரிந்துகொண்டது கொல்லங்கோட்டில். கொரோனா அடங்கிய சமயம் மூணாறுக்கு ஒரு சினிமா ஷூட்டிங் வந்தது. கிழிசல் தைக்க ஆள் வேண்டும் என்று போனவள், யூனிட் கொல்லங்கோட்டுக்கு நகர்ந்தபோது கூடவே நாற்பது நாள் போனாள். அங்கே உடைகளைப் பழசாக்குகிற வேலை பார்த்தவள் நர்மதா. அந்தப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்துப் பெண், கத்தரீனாளைவிடப் பத்து வயசு சின்னவள், வாய் மட்டும் ரொம்பப் பெரிது. முதல் நாளே, கேட்ட கூடுதல் வேலைக்காகக் கத்தரீனாள் ஒரு அறைக்குள் பெயிண்டும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க்கா, கதவைச் சாத்திட்டு மூக்கையும் கட்டாம தின்னரைக் கரைக்கறீங்களே, மூச்சு உங்குளுதுதானுங்க? இல்ல வாடகைக்கு வாங்குனதுங்களா?" என்றாள் நர்மதா.

கத்தரீனாள் முந்தானையை எடுத்து மூக்கில் சுற்றிக் காட்டினாள். நர்மதா தலையில் அடித்துக்கொண்டாள். துணி தூசியைத்தான் கொஞ்சம் தடுக்கும், பெயிண்ட் ஆவியைத் தடுக்காது என்று சொல்லி, இரண்டு பக்கமும் டப்பி வைத்த ஒரு முகமூடியை மாட்டிவிட்டாள். பின்னாளில் அதை எஸ்டேட்டில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது லயமே கூடிச் சிரித்தது. பன்றி மூக்கு என்று பெயர் வைத்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த நாற்பது நாளில் அவள் கற்றுக்கொண்டதெல்லாம் ஒரே கேள்விக்குப் பதில்தான். அன்றைக்கு அவருக்கு ஏன் அப்படி ஆனது? உடம்பில் படுகிற துணிக்கு எனாமலும் தின்னரும் ஆகவே ஆகாது. தண்ணீரில் கரைகிற துணிச்சாயம் போதும், அதையும் இஸ்திரி போட்டு இறுக்கினால்தான் வியர்வையில் கரையாது. ஸ்பிரே எதுவானாலும் திறந்த வெளியில், காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று அடிக்க வேண்டும். தேய்க்கும்போது துணி ஈரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பறக்கிற தூள் நேராக நெஞ்சுக்குள் போகும். தோலில் பூசுகிற ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகும் பலகாரத்துக்குப் போடுகிற சிவப்பும்தான். ஒவ்வொன்றையும் நர்மதா சொல்லச் சொல்ல, கத்தரீனாளுக்கு அந்த வியாழக்கிழமை அறை கண்ணில் வந்து நின்றது. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு அழுதேவிட்டாள். நர்மதா காரணம் கேட்டாள். இவள் சொன்னாள். வாயாடி தன் தட்டையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பி வந்ததிலிருந்து நாடக வேலை முழுக்க அவள் கைக்கு மறுபடி வந்தது. தன் ஊர்ப் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் பாக்டரிகள் கழிக்கிற ரப்பர் அட்டையை நர்மதா மூட்டை கட்டி அனுப்பினாள், அதில் கவசம் வெட்டினாள். முள்முடியில் நிஜ முள்ளை எடுத்துவிட்டு ரப்பர்க் குழாயைச் சீவி வைத்தாள். பினு மூன்று வருஷம் அவள் பழசாக்கிய அங்கியில் மலை ஏறினான். ஒரு அரிப்புகூட இல்லை. ஆனாலும் அவள் மனசுக்குள் அதெல்லாம் ஒத்திகைதான்.

இந்த வருஷம் கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜின்சன் போனில் சொன்னான். அங்கே அரசாங்கம் பொதுமாப்பு அறிவித்திருக்கிறதாம். காகிதம் இல்லாதவர்கள் எந்தத் தண்டனையும் இல்லாமல் ஊருக்குப் போகலாமாம். எழுதிக் கொடுத்துவிட்டான், தவக்காலத்துக்குள் வந்துவிடுவான். கத்தரீனாள் கேட்ட முதல் கேள்வி, "ஆண்டவர் வேஷம் போடுவீங்கல்ல?" என்பதுதான். வெள்ளைச் சுவருக்கு முன்னால் அந்த முகம் ஒருதரம் கீழே குனிந்து பார்த்துக்கொண்டது. பிறகு, "பாப்போம்" என்றது. அவள் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டாள். உடம்பு அளவு கேட்டாள். "அதே அளவுதான்" என்றான்.

விபூதிப் புதனன்று கமிட்டி கூடியது. சூசையப்பன் நியாயஸ்தர். குருத்தோலை ஞாயிறு வரைக்கும் பார்ப்போம், ஜின்சன் வந்தால் ஜின்சன், இல்லாவிட்டால் பினு என்று தீர்த்துவிட்டார். பினுவுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இருந்தாலும் இருக்கட்டும் என்று தாடியை மட்டும் வளர்த்துக்கொண்டிருந்தான்.

அந்தத் தவக்காலம் முழுக்கக் கத்தரீனாளைப் பார்த்தவர்கள் புதுப்பெண் மாதிரி இருக்கிறாள் என்றார்கள். காடாத் துணியைப் பாக்டரித் தூள் கொதித்த வடிநீரில் உப்புப் போட்டு மூன்று தரம் முக்கினாள். ஈரத்தோடு கொடியில் போட்டு, ஓரத்தில் கல் கட்டித் தொங்கவிட்டாள், உடம்பில் கிடந்து தொய்ந்த மாதிரி வரும். வலது தோளில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், அங்கேதான் அவன் சிலுவை உட்காரும். வலது கை ஓரத்தைத் தேங்காய்த் துருவியில் உரசினாள், அதைக் கொண்டுதான் அவன் முகம் துடைப்பான். இடது முட்டிக்கு வந்தபோது அந்த இடத்தை முதலில் உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். பிறகு இழை தெரியத் தெரியத் தேய்த்தாள். உள்பக்கம், வெளியே தெரியாமல், பஞ்சு வைத்துத் தைத்தாள். போன தரம் கல்லில் விழுந்து அவனுக்கு அந்த முட்டியில் தோல் பெயர்ந்திருந்தது. இந்தத் தரம் மெத்தையில் விழட்டும்.

சாயம் எல்லாம் வாசலில், காற்று முதுகில் படும்படி நின்று. முடித்த அங்கியை ஒரு ராத்திரி டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்துக் காலையில் திறந்து மூக்கை உள்ளே விட்டுப் பார்ப்பாள். துளி நெடி இருந்தாலும் மறுபடி வெயில். மிச்சத் துணித் துண்டு ஒன்றைத் தன் கையிலேயே இறுக்கிக் கட்டிக்கொண்டு மூன்று நாள் கொழுந்தெடுத்தாள். வியர்வையில் ஊறட்டும், அரித்தால் முதலில் எனக்கு அரிக்கட்டும் என்று இருந்தாள். அரிக்கவில்லை. அதற்கும் மனசு ஆறாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு அங்கியையும் தானே போட்டுக்கொண்டு வீட்டு வேலை எல்லாம் செய்தாள். தோள் தொங்கியது, கை நீண்டு கிடந்தது. ஜின்சனுடைய உடம்பு அவளைச் சுற்றி நிற்கிற மாதிரி இருந்தது. கழற்ற மனசே வரவில்லை. அன்றைக்குப் பாசம் கொண்டு அவள் அழுததை அவளைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜின்சன் வந்தான். பினுவின் ஜீப்தான் அழைத்து வந்தது. நரைத்திருந்தான், இளைத்திருந்தான், அதெல்லாம் போனில் பார்த்ததுதான். இறங்கத்தான் நேரம் பிடித்தது. பிளேனில் உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போச்சு என்றான். அவள் நம்பினாள். சாப்பிடத் தரையில் உட்காராமல் ஸ்டூலில் உட்கார்ந்தான், அங்கே பழகியிருப்பார் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லாரும் முழந்தாளிட்டபோது அவன் மட்டும் பின்வரிசையில் சுவரோடு சாய்ந்து நின்றான். பயணக் களைப்பு என்று அதற்கும் அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஊரில் வருகிறவனிடமெல்லாம் எந்த முட்டியை ஊன்றுவாய் என்று கேட்கிறவளுக்கு, தன் வீட்டுக்காரனிடம் அதைக் கேட்கத் தோன்றவில்லை. அவனைத்தான் அவளுக்குத் தெரியுமே.

மத்தியானம் அங்கியை எடுத்து வந்து போட்டுவிட்டாள். தோளில் சரியாக உட்கார்ந்தது. முதுகுப் பக்கம் போய்த் தடவிப் பார்த்தாள். சுற்றி வந்து எட்ட நின்று பார்த்தாள். நெஞ்சு நிறைந்து போனது.

"ஒரு தடவ விழுந்து காட்டுங்க. முட்டி சரியா அந்த எடத்துல வருதான்னு பாத்துக்கிடுதேன்," என்றாள்.

ஜின்சன் நின்றபடியே நின்றான். பிறகு குனிந்து, இடது பக்கம் அங்கியைத் தூக்கிக் காட்டினான். முட்டிக்கு மேலேயும் கீழேயுமாக ஒரு சாண் நீளத்துக்குத் தையல் தழும்பு. கால் மடங்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் சாரத்திலிருந்து விழுந்ததாம். காகிதம் இல்லாத ஆள் என்பதால் சரியான வைத்தியத்துக்குப் போகப் பயந்து, கூட இருந்தவர்கள் பத்து நாள் கழித்து எங்கேயோ கொண்டுபோய்க் கம்பி வைத்துவிட்டார்களாம். அப்படியே இறுகிவிட்டது. சிலுவையோடு ஏறுவது இருக்கட்டும், குருசடி வரைக்கும் வெறுங்கையோடு ஏறுவதே நடக்காது.

கத்தரீனாளுக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"மூணு வருசமா எங்கிட்ட மூஞ்சிய மட்டும் காட்டிக்கிட்டு இருந்தீங்களா? சொல்லணும்னு தோணலையா ஒங்களுக்கு?"

"எப்பிடிச் சொல்ல?" என்றான் ஜின்சன். "போன எடுத்தா நீ இந்த அங்கியப் பத்தித்தான் பேசுவ. அவ்வளவு ஆசையாப் பேசுவ. என் கால் போச்சுன்னு எந்த எடத்துல நிறுத்திச் சொல்ல?"

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தத் தழும்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். துணியில் ஒரு கொப்புளம் வராமல் பார்த்துப் பார்த்துச் செய்தவள், அந்தத் துணிக்குள் என்ன நடந்தது என்று தெரியாமலே இருந்துவிட்டாள். பினுவுக்குக் கொடுத்துவிடு, நல்ல பையன் என்றான் ஜின்சன். அவளும் சரி என்றாள்.

திங்கட்கிழமை பினு அங்கியைப் போட்டுப் பார்க்க வந்தான். அளவு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. விழுந்து பார்த்தபோதுதான் தொல்லை. அவனுக்கு வலது முட்டி ஊன்றித்தான் பழக்கம், மூன்று வருஷமாக அவளே அவனுக்கு வலது பக்கம்தான் தேய்த்துக் கொடுத்திருக்கிறாள். இடது முட்டியில்தான் விழ வேண்டும், அங்கேதான் பஞ்சு வைத்திருக்கிறது என்று கத்தரீனாள் சொன்னாள்.

"பஞ்சப் பிரிச்சு அந்தப் பக்கம் வச்சுத் தச்சுடலாமேக்கா, அர மணி நேர வேலதான?" என்றான் பினு.

நியாயமான பேச்சுதான். அவள் எல்லாருக்கும் சொல்கிற பேச்சும் அதுதான், துணி போடுகிறவனுக்காகத்தான் பழசாக வேண்டும். கத்தரிக்கோல் கையில்தான் இருந்தது. அவள் பிரிக்கவில்லை. "இடதுலயே விழுந்து பழகு தம்பி, நாலு நாள் இருக்குல்ல" என்றாள். பினு அவள் முகத்தைப் பார்த்தான். அதற்குமேல் கேட்காமல், நான்கு நாளும் ஜீப் ஷெட்டுக்குப் பின்னால் இடது முட்டியில் விழுந்து விழுந்து பழகினான்.

பெரிய வெள்ளியன்று ஜின்சன் கம்பு ஊன்றி மூன்றாம் நிலை வரைக்கும் வந்தான். அங்கேதான் ஆண்டவர் முதல் தரம் விழுவார். அதற்குமேல் ஏற்றம். பாதை ஓரம் தேயிலையை ஒட்டி ஒரு பாறையில் சாய்ந்து நின்றான், கத்தரீனாள் பக்கத்தில் நின்றாள். கீழே வளைவில் பாட்டுச் சத்தம் கேட்டது. முதலில் ஈட்டிகள், பிறகு கவசங்கள், அதற்குப் பின்னால் அந்த அங்கி.

முகத்தை முள்முடியும் தலைமயிரும் மறைத்திருந்தன. தெரிந்ததெல்லாம் அங்கிதான். வலது தோள் தேய்ந்து, கை ஓரம் பிசிர்ந்து, கீழ் ஓரம் தொய்ந்து, அது தானாக மேலே ஏறி வருவது போல் வந்தது. பாறைக்கு நேரே வந்ததும் இடது முட்டி தரையைத் தொட்டது. அப்புறம் இடது உள்ளங்கை. அப்புறம் நெற்றி. சிலுவை தோளிலேயே நின்றது.

கத்தரீனாள் தன்னை அறியாமல் ஓர் எட்டு முன்னால் வைத்துவிட்டாள். அவர்தான், அவரேதான். முப்பத்தெட்டு வயசில் ஜீப் ஏறிப் போனாரே, அவர். ஏழு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை போனில் ஒரு முகம் வந்ததே தவிர, அவர் வரவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். சுற்றி எல்லாரும் அழுதார்கள், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஜின்சன் ஆண்டவரைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கி எழுந்து மேலே போனது. கூட்டம் அதன் பின்னால் பாடிக்கொண்டே ஏறியது. கடைசிப் பிள்ளைகளும் வளைவில் மறைந்த பிறகு ஜின்சன் கேட்டான்.

"நான் இப்பிடித்தான் விழுவேனா?"

"ஆமா."

"எனக்கே மறந்துபோச்சு." கம்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "அந்தப் பழைய ஆளுக்காகத்தான் நீ இத்தன நாளும் காத்துக்கிட்டிருந்த. இல்லையா?"

பொய் சொல்லியிருக்கலாம். கத்தரீனாளுக்கு அந்த நேரத்தில் பொய் வரவில்லை.

"அவருக்குத்தான் தச்சேன்," என்றாள். "நீங்க இப்பத்தான வந்திருக்கீங்க."

ஜின்சன் தலையை ஆட்டினான். கோபம் இல்லை, அதில் ஒரு சம்மதம்தான் இருந்தது. மேலே, எங்கேயோ அடுத்த நிலையில், பாட்டு நின்று மறுபடி தொடங்கியது. அவளுக்குக் கூடவே ஏறிப்போக வேண்டும் போல் இருந்தது. இன்னும் இரண்டு தரம் அது விழும், உச்சியில் அதைக் கழற்றிவிடுவார்கள். ஏறுகிற பாதையை அவள் ஒருதரம் பார்த்தாள்.

பிறகு திரும்பி அவன் கம்பை வாங்கிக்கொண்டாள். இருவரும் வீட்டுப் பக்கம் இறங்கத் தொடங்கினார்கள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனுக்கு வலது பக்கம் நடந்து பழகியவள். நாலு எட்டு வைத்ததும் நின்று, சுற்றி வந்து, இடது பக்கம் மாறி, அவன் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.